மூன்று கறுப்பு இரைகள்

அஷிகன் என்கிற ஆற்று மீன் பிடிக்கப் போகிறவர்களில் பாதிப்பேருக்கு மீன் தேவையில்லை, பெட்டிதான் தேவை என்பது என் அபிப்பிராயம். லாசாலில், ஆற்றுத் தண்ணீர் பாறைகளில் மோதி வெள்ளையாகப் பாய்ந்து, பிறகு கொஞ்சம் அடங்கிக் கரையோடு வளைகிற இடத்தில், ஒரு சனிக்கிழமை காலை போய் நின்று பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு பெட்டி திறப்பார்கள். உள்ளே மூன்று தட்டுகள். தட்டு முழுக்கக் கண் வைத்து, செதிள் வரைந்து, வயிற்றுக்குள் மணி கிலுங்குகிற பிளாஸ்ரிக் மீன்கள். நிஜ மீனுக்குக்கூட அவ்வளவு அழகான கண் கிடையாது. ஒரு மணித்தியாலத்துக்கு அதையும் இதையும் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள், படம் எடுப்பார்கள், கோப்பி குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

என்னுடையது ஒரு குளிசைப் பெட்டி. கிழமை நாட்கள் பிரெஞ்சில் எழுதிய, ஏழு அறையுள்ள சின்னப் பெட்டி. மனைவிக்கு மருந்துக்கடையில் இரண்டு கொடுத்தார்கள், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒருவரும் மதிக்காத சாமான்கள்தான் இருக்கும். சிறுபிள்ளைகளுக்கு என்று கடைக்காரன் ஒதுக்கிப் போட்டிருந்த சுழல் தகடு. உள்ளே வெறுமையான, அருவருப்பான நிறத்தில் ஒரு றப்பர் குழாய். அதைக் கற்களுக்கு இடையில் உருள விட்டால் அஷிகன் நண்டென்று நினைத்து அடிக்கும். எல்லாவற்றையும் விட மேலானது, பார்த்தால் ஒன்றுக்கும் உதவாதது போலிருக்கும் கறுப்பு இரை. சின்ன ஈயக் குண்டு, அதிலிருந்து ஒரு கொழுக்கி, கொழுக்கியைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பு இறகு. அவ்வளவுதான். கண் இல்லை, மணி இல்லை, ஆட்டம் இல்லை.

அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டுக் கரைக்கு வந்து பார்த்தால் குதிக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். அது நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி இரண்டு பாகத் தூரம் போகவில்லை, அதற்குள் கீழேயிருந்து ஒரு மீன் வந்து எடுத்துக்கொண்டு போனது. அடுத்த கிழமையே கறுப்பு இறகு வாங்கிவந்து கட்டப் பழகினேன். அதை எறிந்துவிட்டு ஒன்றும் செய்யக்கூடாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம். தண்ணீர் இழுக்கிற பக்கம் போகவிட்டு, தங்கூசி நூலைத் தொய்யாமல் பிடித்துக்கொண்டு, பேசாமல் நிற்கவேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேறெங்கும் வராத பொறுமை அது.

மனைவிக்கு நான் மீன் பிடிப்பது வெட்கம். ஊரில் எங்கள் ஆட்கள் மீன் தின்பார்கள், பிடிக்கமாட்டார்கள். அது வேறு ஆட்களின் தொழில். கடல் தாண்டி, பனிக்குள் வந்து, மட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்ற பிறகும் அந்த எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. "எங்கடை ஆக்கள் கேள்விப்பட்டால் சிரிப்பினம்" என்பாள். அதனால் பிடித்ததை நான் அனேகமாகத் திரும்ப விட்டுவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆற்று மீன் மணக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் வெட்டுவாள்.

பனி கரைந்த நாட்களில் அவள் வயிற்றுக்குள் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கீமோ தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் கொட்டும் என்று தாதி பிரெஞ்சில் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். மகள் லவாலில் ஒரு கார்தறியில், சிறுபிள்ளைக் காப்பகத்தில், வேலை செய்கிறாள், மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். கட்டி என்றபோது அழாத என் மனைவி தலைமயிர் என்றபோது அழுதாள். இடுப்புக்குக் கீழே விழுகிற முடி அவளுக்கு. கொஞ்ச வருஷமாக நரையை மறைக்க மருதோன்றி போட்டதில் நுனி ஒரு விரற்கடை அளவுக்குச் சிவந்திருக்கும்.

அடுத்த நாள் அழுகை இல்லை. மகளைக் கூப்பிட்டு, தலை முழுகி, பின்னி, பின்னலோடு கத்தரிக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் மஞ்சள் நூல் கட்டி, துவைத்த துணியில் சுற்றி, ஒரு பெரிய பால்மா ரின்னுக்குள் வைத்தாள். ஊர் அம்மனுக்கு நேர்த்தி. இந்த வருத்தத்தை மாற்றிவிடு, என் தலைமயிரைத் தருகிறேன் என்று கேட்டு வைத்த நேர்த்தி. ஓகஸ்டில் ரொக்ஸ்பரோ அக்கா ஊருக்குப் போகிறா, கொண்டுபோய்க் கோயிலில் கொடுப்பா. ரொக்ஸ்பரோ அக்கா என்பது ரொக்ஸ்பரோவில் இருக்கிற என் மனைவியின் கூட்டாளி, வயதில் மூத்தவ, ஒன்றாகத் துப்புரவு வேலை செய்த காலத்திலிருந்து பழக்கம்.

"விழப்போறதைத்தானே அம்மனுக்குக் குடுக்கிறீர்," என்றேன். எனக்கு வாய் சும்மா இராது.

"விழமுதல் குடுக்கிறன். விழுந்தாப் பிறகு குடுத்தால் அது குப்பை," என்றாள்.

ரின் சாமித்தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் போய் இருந்தது.

கீமோ தொடங்கியதும் சாப்பாடு நின்றது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு ருசிக்கிறது என்றாள். கோழி இரும்பு, பால் இரும்பு, சோறும் இரும்பு. ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னர் தாதி அவளைத் தராசில் ஏற்றுவாள். நிறை இதற்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவோம் என்று சொல்லி ஓர் இலக்கத்தைக் காட்டினாள். தள்ளிப்போட்டால் கட்டிக்கு அது விடுமுறை. அந்த இலக்கத்துக்கு மேலே அவளை வைத்திருப்பது என் வேலையாகிப்போனது. நான் சமைத்ததையெல்லாம் அவள் ஒரு கரண்டி தின்பாள், பிறகு கழிப்பறைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு வருவாள். நான் சமையலறையில் நின்று சட்டியைத் தேய்ப்பதுபோலச் சத்தம் போடுவேன், அவள் சத்தி எடுப்பது எனக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைக்கட்டும் என்று.

ஜூன் கடைசியில் அஷிகன் பருவம் திறந்தது. ஏதோ வெறுப்பில் ஆற்றுக்குப் போனேன். கறுப்பு இரைக்கு நடுத்தரமாக ஒன்று விழுந்தது. கொண்டுவந்து, உறைப்பு இல்லாமல், தேங்காய்ப்பாலில் மஞ்சள் கொஞ்சம் போட்டு, இறக்கித் தேசிக்காய் விட்டுச் சொதி வைத்தேன். மீன் தலையும் போட்டேன். அவள் கோப்பையைக் கையில் வாங்கி மணந்து பார்த்தாள். குடித்தாள். எதிரே இருந்து அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கே?" என்று கேட்டாள்.

என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கடையில் வாங்கிய மீனும் வைத்துப் பார்த்தேன், அது இரும்பு என்றாள். அஷிகன் மட்டும் இரும்பில்லை. அன்றிலிருந்து வேலையில்லாத காலைகளில் எல்லாம் ஆற்றில் நின்றேன். ஒருவரும் மதிக்காத அந்தக் கறுப்பு இறகுதான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது. நிறை இறங்கவில்லை. தாதி அவளுக்குக் கை தட்டினாள்.

ஜூலையில் வெக்கை வந்தது. தண்ணீர் வற்றிப் பாறைகள் மேலே வந்தன. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது, கறுப்பைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. கற்களுக்குள் சிக்கி அறுந்து அறுந்து என்னிடமிருந்த கறுப்பு இரைகள் முடிந்தன. மீன்பிடிச் சாமான் கடையில் கறுப்பு இறகு இல்லை. வெள்ளை இருந்தது, மஞ்சள் இருந்தது, ஒருவருக்கும் தேவையில்லாத இளஞ்சிவப்பு இருந்தது. கறுப்பு வர இரண்டு கிழமையாகும் என்றான். சுழல் தகட்டோடு இரண்டு காலை நின்று வெறும் பையோடு வந்தேன்.

"இண்டைக்கும் ஒண்டும் இல்லையே?" என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள், அதுவும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை தராசு.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இது எனக்கு இலகுவாக இருக்கும். தெரிந்துதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அறையில் நித்திரை. நான் சாமித்தட்டிலிருந்து ரின்னை எடுத்தேன். பின்னலின் நுனிப்பக்கத்து நூலைத் தளர்த்தி, கத்தரிக்கோலால் கொஞ்சம், மூன்று இரைக்கு அளவான முடியை வெட்டினேன். நூலைத் திரும்ப இறுக்கிக் கட்டினேன். அவளுடைய தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து ஈயக் குண்டின் கழுத்தில் முடியை வைத்துச் சுற்றினேன். முடிச்சு கழலாமல் அவளுடைய நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டேன். எல்லாம் அவளுடையது, கொழுக்கி மட்டும் என்னுடையது. சாமிக்கு வைத்ததைத் தொடுகிறேனே என்று பயந்தேனா என்றால், இல்லை. சாமிக்குப் போனால் அது வெறும் முடி, ஆற்றுக்குப் போனால் அவளுக்கு நாலு கோப்பைச் சொதி என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது எனக்கு.

மனித முடி இறகைப்போல விரியாது. நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கயிறாகிவிடும். அதுதான் நல்லதாகிப்போனது. அட்டையும் அப்படித்தான், மெல்லிய கறுப்பு, நுனியில் மட்டும் செம்மை. திங்கட்கிழமை காலை முதலாவது வீச்சில் மீன் அடித்தது. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு. இந்தக் கரையில் இப்படி ஓர் இரை இதுவரை விழுந்ததில்லை என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றவனின் பெட்டிக்குள் கண்ணும் மணியுமாக மூன்று தட்டு. நான் மீன்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமை தராசில் அவள் தப்பினாள்.

அந்த முதலாவது இரை அடுத்த கிழமை பாறைக்குள் போய் அறுந்தது. இரண்டாவதைக் கட்டினேன். மூன்றாவது குளிசைப் பெட்டியில், சனிக்கிழமை அறையில் இருந்தது.

ஜூலை முடிகிற ஒரு சனிக்கிழமை. காலையில் ஒரு பெரிய அஷிகன் இரையைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டது. எனக்குப் பத்து மணிக்கு வேலை இருந்தது, கொழுக்கியைக் கழற்றிக்கொண்டு நிற்க நேரமில்லை. தங்கூசியை வெட்டிவிட்டு, மீனைப் பையில் போட்டு வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். வந்து நான் வெட்டுகிறேன் என்று நினைத்தேன். இரண்டு மாதமாக அவள் சமையலறைக்குள் வந்ததில்லை.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தபோது சொதி மணம் வந்தது. அவள் எழும்பி நின்று சமைத்திருக்கிறாள். அந்த ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தலையில் வெள்ளைத் துணி கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சோறு போட்டு, சொதி விட்டு, மீன் தலையை வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. அதில் கழுவித் துடைத்த என்னுடைய இரை. சிவப்பு நூல், நகப்பூச்சு, நுனியில் மருதோன்றிச் செம்மை. மீனின் செவுளைக் கழற்றும்போது அவள் கைக்கு வந்திருக்கிறது.

"சாப்பிடுங்கோ," என்றாள்.

நான் சோற்றில் கை வைக்கவில்லை.

"இது என்ரை தலைமயிர்தானே?"

"ஓம்."

"நேர்த்திக்கு வைச்சதெண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"எத்தினை செய்தனீங்கள்?"

"இது ஒண்டுதான்," என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்று என்றால் குற்றம் சிறிது என்று நினைத்திருக்கலாம்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் என்ரை நேர்த்தியைத்தான் திண்டுகொண்டு இருந்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. பிழை என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் நன்றாக வரும். "மீன் இல்லாட்டி நீர் என்னத்தைத் திண்டிருப்பீர்? அம்மனே வந்து உமக்கு ஊட்டினவ? நான்தானே ஊட்டினனான்!" என்று கத்தினேன். மேல்மாடிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் அந்தச் சின்னத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இனி மீன் மச்சம் வேண்டாம்," என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னோடு வழக்கம்போலக் கதைத்தாள், மருந்து கேட்டாள், மகளுக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னாள், யன்னலைச் சாத்தச் சொன்னாள். மீனை மட்டும் தொடவில்லை. நான் சொதியை வைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்றேன். கெஞ்சினேன், திட்டினேன், மகளைக் கொண்டு சொல்லுவித்தேன். மீன் இல்லாத சொதியும் வைத்தேன். அது இரும்பு. ஓகஸ்ட் முதல் கிழமை தராசில் அந்த இலக்கத்துக்குக் கீழே இறங்கினாள். ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். இரண்டாம் முறையும் தள்ளிப்போட்டார்கள்.

மீன் தின்றிருந்தால் அவள் தப்பியிருப்பாளா என்று மகள் வைத்தியரிடம் கேட்டாள். இல்லை, கட்டி அப்போதே பரவியிருந்தது என்றார். நல்ல மனிதர், எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லுவாராக இருக்கும்.

ரொக்ஸ்பரோ அக்கா ஊருக்குப் போகமுதல் ரின்னை எடுக்க வந்தா. மனைவி கட்டிலில் எழும்பி இருந்து, கத்தரிக்கோல் கேட்டு, இரையின் சிவப்பு நூலை அறுத்தாள். ஈயத்தில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக உரித்து எடுத்து ரின்னுக்குள் பின்னலோடு வைத்தாள். அது அரை மணித்தியாலம் பிடித்தது. விரல் நுனியெல்லாம் அப்போது அவளுக்கு விறைத்துப்போயிருந்தது. ஈயத்தையும் கொழுக்கியையும் என்னிடம் நீட்டினாள்.

"இது உங்கடை," என்றாள்.

பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். நான் பல்கனியில் நின்றேன். இரண்டாவது இரை வீட்டுக்கு வந்துவிட்டது, முதலாவது ஆற்றின் அடியில், மூன்றாவது பெட்டிக்குள். உள்ளே போய், இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது என்பதைத் தவிர ஒரு தடையும் இல்லை. நான் போகவில்லை.

ஒக்டோபரில், மரங்கள் எல்லாம் சிவந்திருந்த கிழமையில் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக முப்பத்தாறு கிலோ. எரிப்பதற்கு முன்னர் மகள் தாயின் தலையில் துணியைச் சரிசெய்து கட்டினாள். துணிக்குக் கீழே அரை விரல் அளவுக்கு வெள்ளையாக முடி முளைத்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ரொக்ஸ்பரோ அக்கா வந்தா. மூன்று மாதம் ஊரில் நின்றுவிட்டு அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தா. ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துத் தந்தா. திருநீறு, குங்குமம், காய்ந்துபோன ஒரு பூ, அருச்சனை ரிக்கற். ரிக்கற்றில் கையால் எழுதிய பெயரும் நட்சத்திரமும் என்னுடையவை.

"அக்கா, பேர் மாறி எழுதிப்போட்டினம்," என்றேன். "இது என்ரை பேர்."

"மாறேல்லைத் தம்பி. உங்கடை பேருக்குத்தான் செய்யச் சொன்னவ."

"அவவின்ரை வருத்தத்துக்கெல்லோ நேர்த்தி?"

"நானும் அதைத்தான் கேட்டனான். என்ரை நேர்த்தி போனால் போகட்டும் அக்கா, அது அவரின்ரை தலையிலை விழக்கூடாது எண்டவ. தலைமயிர் முழுக்க இல்லை, ஒண்டு ஆத்துக்குள்ளை கிடக்கும்போலை, ஒண்டு அவரின்ரை பெட்டிக்குள்ளை கிடக்குது, அதுக்கும் சேர்த்து அம்மனிட்டை மன்னிப்புக் கேளுங்கோ எண்டு ஐயரிட்டைச் சொல்லச் சொன்னவ. ஐயர் உங்கடை பேரைச் சொல்லித்தான் கேட்டவர்."

அவள் என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை அறையை. பின்னலில் குறைந்ததை எண்ணி, கையிலிருந்ததைக் கழித்து, ஆற்றுக்குள் போனதையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். பார்த்துவிட்டு, எடுக்காமல், மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நானாகச் சொல்லுவேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

இந்த வருஷமும் பருவம் திறந்துவிட்டது. கறுப்பு இறகு கடையில் நிறைய வந்திருப்பதாகச் சொன்னார்கள், நான் வாங்கப் போகவில்லை. மூன்றாவது இரை இன்னும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. அவள் எனக்காக, பெயரும் நட்சத்திரமும் கொடுத்து, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பக்கத்து அறையில் படுத்திருந்தவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.